எத்தனை கோர், எத்தனை ஸ்கொயர்: வீட்டு மின்சுற்றுக்கேற்ற கேபிளைத் தேர்ந்து இணைப்பது எப்படி?

மின்சாமான் கடையில் கேபிள் கேட்டு நின்றால் கடைக்காரர் இரண்டு கேள்விகளைக் கேட்பார்: எத்தனை கோர், எத்தனை ஸ்கொயர். முதல் கேள்வி, ஒரே உறைக்குள் தனித்தனி இன்சுலேஷனோடு எத்தனை செம்பு வயர்கள் வேண்டும் என்பது. இரண்டாவது, அந்த வயர் ஒவ்வொன்றின் குறுக்குவெட்டுப் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களும், சொந்த வீட்டு வேலையைத் தாமே மேற்பார்வை செய்ய நினைப்பவர்களும் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே கவனமாக இருக்கிறார்கள். தடிமனான கேபிளாக வாங்கிவிட்டால் பாதுகாப்பும் சேர்ந்து வந்துவிடும் என்று நம்புகிறார்கள். ஆனால் வீடுகளில் நான் பார்த்த ஆபத்தான இணைப்புகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்குத் தவறான விடை சொன்னதால் வந்தவை. நான்கு வயர் வேண்டிய இடத்துக்கு மூன்று கோர் கேபிளை வாங்கி வந்து, மிஞ்சிய ஒரு வேலையை எர்த்துக்கு உரிய பச்சை வயரின் தலையில் கட்டிவிடுவார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் சுவருக்குள் ஓடும் வயரிங் பொதுவாக ஒற்றை வயர்களைப் பிவிசி பைப்புக்குள் இழுத்துச் செய்யப்படுவது. பல கோர் கேபிள் வேலைக்கு வருவது அந்தப் பைப்புக்கு வெளியே: ஏசி, போர்வெல் மோட்டார், இன்வெர்ட்டர், மாடிக்குப் போகும் மூன்று ஃபேஸ் இணைப்பு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போன்ற இடங்களில். இக்கட்டுரை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. படித்துப் புரிந்துகொள்வது யாருக்கும் உரியது. கையை வைத்து இணைப்பதும், இணைத்ததைச் சரிபார்த்து ஒப்புவதும் உரிமம் பெற்ற மின்கம்பியாளர் மேற்பார்வையில் நடக்க வேண்டியவை. மீட்டருக்கு முந்தைய பகுதி மின்வாரியத்துக்கு உரியது. அங்கே எவரும் கை வைக்கக் கூடாது.

முதல் படி: வேலைகளை எண்ணுதல்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில், அந்தக் கேபிளுக்குள் நடக்க வேண்டிய வேலைகளை எழுதிப் பாருங்கள். சுமைக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது ஒரு வேலை, அது ஃபேஸ். சுமையைக் கடந்த மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவருவது இன்னொன்று, அது நியூட்ரல். கருவியின் உலோக உடலைத் தரையோடு இணைத்து வைப்பது மூன்றாவது, அது எர்த். இந்த மூன்றுக்கும் மேல் சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயர், இரு சுவிட்சுகளுக்கு இடையே ஓடும் வயர், ஏசியின் உள் பெட்டியும் வெளிப் பெட்டியும் பேசிக்கொள்ளும் சிக்னல் வயர் போன்றவை இடத்துக்கு இடம் சேரும். எழுதிய வேலைகளின் எண்ணிக்கையே கோர்களின் எண்ணிக்கை. ஒரு கோர் இரண்டு வேலை செய்ய முடியாது. எர்த் வேலைக்கு வந்த கோர் வேறெந்த வேலைக்கும் போகக் கூடாது.

இதோடு இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றின் ஃபேஸ் எந்தக் கேபிளில் போகிறதோ, அதே கேபிளில் அதன் நியூட்ரலும் திரும்பி வர வேண்டும். ஃபேஸை ஒரு கேபிளிலும் நியூட்ரலைப் பக்கத்து அறைச் சுற்றிலிருந்தும் எடுத்தால் விளக்கு எரியத்தான் செய்யும். ஆனால் போகும் மின்னோட்டத்தையும் வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபட்டால் விழுந்து (தானாக அணைந்து) சுற்றைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அந்தச் சுற்றுகளில் ஒன்றுக்கு மட்டும் இருந்தால், கசிவே இல்லாமல் அது விழுந்துகொண்டிருக்கும். சலித்துப்போன வீட்டுக்காரர் கடைசியில் ஆர்சிசிபியையே கழற்றிவிடச் சொல்வார். பல வீடுகளில் உயிர்காக்கும் அந்தக் கருவி, மின்சாரம் சுற்றுகளாகப் பிரியும் டிபி பெட்டியில் இல்லாமல் போனது இப்படித்தான்.

இரண்டாம் படி: நிறத்தைக் கேட்டு வாங்குதல்

இந்திய வழக்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ் நிறங்கள், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு எர்த். மூன்று கோர் கேபிள் கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். சிவப்பு, கறுப்பு, பச்சை உள்ளது ஒற்றை ஃபேஸ் கருவிகளுக்கு. சிவப்பு, மஞ்சள், நீலம் உள்ளது மோட்டாருக்கு. இரண்டின் உறையும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், “மூன்று கோர் கொடுங்கள்” என்று மட்டும் சொல்லாமல், உள்ளே என்ன நிறம் என்று கேட்டு, முனையைச் சீவிப் பார்த்து வாங்க வேண்டும்.

நீல நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு முறைப்படி வரும் கருவிகளின் கார்டில் (பிளக்கோடு வரும் வயரில்) பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இன்று வீட்டு வயரிங்கே அந்த நிறங்களில்தான் நடக்கிறது. நம் ஊரில் நீலம் மூன்றாவது ஃபேஸ். ஆகவே வாஷிங் மெஷினின் நீல வயரும் சுவரிலிருந்து வரும் நீல வயரும் ஒரே நிறமாக இருப்பதை நம்பி இரண்டையும் சேர்த்து முறுக்கக் கூடாது. நிறம் முதல் தடயம் மட்டுமே. அதை ஒவ்வொரு முறையும் மீட்டரால் உறுதி செய்ய வேண்டும்.

பச்சையைப் பற்றி ஏன் இவ்வளவு கடுமை என்பதற்கு நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். மாடிப்படி விளக்குக்கு ஒரு வயர் குறைந்தபோது, முதலில் வேலை செய்தவர் மூன்று கோர் கேபிளின் பச்சையை இரு சுவிட்சுகளுக்கும் இடையே ஓட்டியிருந்தார். விளக்கு ஒழுங்காகவே எரிந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே பெட்டியில் பிளக் பாயின்ட் வைக்க வந்த இன்னொருவர், பச்சையைக் கண்டதும் எர்த் என்று எண்ணி அதைச் சாக்கெட்டின் எர்த் முனையில் இணைத்தார். கீழ்ச் சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் ஒன்றும் தெரியாது; மறுபக்கம் சாய்த்தால் அந்தச் சாக்கெட்டில் செருகிய இஸ்திரிப் பெட்டியின் உடலிலேயே மின்சாரம் ஏறியது. இரண்டாமவர் மேல் பெரிய குற்றம் இல்லை. அவர் நிறத்தைப் படித்தார். நிறம்தான் அவரிடம் பொய் சொன்னது.

மூன்றாம் படி: ஸ்கொயரைக் கணக்கிடுதல்

கருவியின் வாட்டை 230ஆல் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று தெரியும். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுக்கும். மூன்று கோர் வளையும் செம்புக் கேபிள்களுக்கு நிறுவனங்கள் அச்சிடும் அட்டவணைகள், 0.75 ஸ்கொயருக்கு 7 ஆம்பியர், 1 ஸ்கொயருக்கு 11, 1.5க்கு 14, 2.5க்கு 19, 4க்கு 26 என்ற அளவை ஒட்டியே இருக்கும். பைப்புக்குள் நெருக்கமாகவோ மொட்டைமாடி வெயிலிலோ ஓடும் கேபிள் இந்த அளவைத் தாங்காது. எனவே விளக்குச் சுற்றுக்கு 1.5 ஸ்கொயரும் 6 அல்லது 10 ஆம்பியர் எம்சிபியும் (சுமை மீறினால் தானாக விழும் சுவிட்ச்), பெரிய பிளக் பாயின்ட்டுக்கு 2.5 ஸ்கொயரும் 16 ஆம்பியர் எம்சிபியும், அதற்கு மேல் 4 ஸ்கொயரும் 20 ஆம்பியரும் என்று வைத்துக்கொள்வது நிதானமான வழி. எம்சிபி காப்பது கருவியை அன்று, கேபிளை. அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16ஐ எடுத்துவிட்டு 32 மாட்டினால், இனி முதலில் விழ வேண்டியது கேபிள்தான் என்று ஆகிவிடும்.

மூத்த எலெக்ட்ரீஷியன்கள் இன்னமும் 3/20, 7/20 என்று சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது ஒவ்வோர் இழையின் கேஜ், அதாவது தடிமனைக் குறிக்கும் எண். 3/20 என்பது இன்றைய கணக்கில் 2 ஸ்கொயருக்குச் சற்றே குறைவு. 7/20 ஏறத்தாழ 4.6 ஸ்கொயர்.

வாங்கும்போது உறையின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694 என்ற இந்தியத் தர எண்ணும், கோர் எண்ணிக்கையும் ஸ்கொயரும் நீளவாக்கில் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சு இருந்தும் செம்பு குறைவாக இருக்கும் சரக்கு சந்தையில் உண்டு; அலுமினிய இழைக்கு மேல் செம்புப் பூச்சுப் பூசியதும் உண்டு. இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெளுப்பது அலுமினியம். எடையைச் சோதிக்க வேண்டுமென்றால், 2.5 ஸ்கொயர் கோர் ஒன்றில் ஒரு மீட்டர் நீளத்தை இன்சுலேஷன் நீக்கி நிறுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 22 கிராம் இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசில் வைத்தால் ஏறத்தாழ இரண்டே முக்கால் சவரன். இந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் சொன்னாலே சில நேரம் வேறு சுருள் வெளியே வரும்.

சாதாரணச் சுற்றுகள்

வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், கிரைண்டர் போன்றவற்றுக்குச் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்று கோர் போதும். சாக்கெட்டை நேர் எதிரே நின்று பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். இரண்டு கோர் கேபிளுக்கு வீட்டில் இடம் மிகக் குறைவு; உலோக உடல் இல்லாத, எர்த் தேவைப்படாத சிறு கருவிகளின் கார்டுக்கும், கீழே சொல்லும் சுவிட்ச் இறக்கத்துக்கும் மட்டுமே அது பொருந்தும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செய்கிறவர்கள் பெட்டியில் 16 ஆம்பியர் சாக்கெட்டை வைத்துவிட்டு 0.75 ஸ்கொயர் கேபிளைச் சொருகுவது வழக்கமாகிவிட்டது. சாக்கெட் என்ன அளவோ, கேபிளும் பிளக்கும் அந்த அளவுக்கு உரியவையாக இருக்க வேண்டும். 16 ஆம்பியருக்கு 2.5 ஸ்கொயர். நீளமான கேபிளைச் சுருட்டியபடியே வைத்து ஹீட்டரை ஓட்டினால், சுருளின் நடுவில் சூடு வெளியேற வழியின்றி இன்சுலேஷன் இளகும்.

விளக்குக்கும் மின்விசிறிக்கும் சுவிட்ச் ஃபேஸில்தான் வர வேண்டும். சுவருக்கு மேல் ஓட்டும் வயரிங்கில் சுவிட்சுக்கு இரண்டு கோர் கேபிள் இறக்கினால், சிவப்பு ஃபேஸைக் கொண்டுபோகும், கறுப்பு சுவிட்சிலிருந்து விளக்குக்குத் திரும்பும். அப்போது அந்தக் கறுப்பு நியூட்ரல் அன்று. சுவிட்ச் போட்டால் உயிருள்ள வயர். அதன் இரு முனைகளிலும் சிவப்பு டேப் சுற்றி வைப்பது கட்டாயம் என்றே கொள்ளுங்கள்.

மாடிப்படி விளக்கைக் கீழேயும் மேலேயும் அணைத்துப் போட இரண்டு டூ-வே சுவிட்ச் வேண்டும். டூ-வே சுவிட்சுக்கு மூன்று முனைகள் உண்டு. கீழ்ச் சுவிட்சின் நடுமுனையில் ஃபேஸ் வந்து சேரும். மேல் சுவிட்சின் நடுமுனையிலிருந்து விளக்குக்கு வயர் போகும். எஞ்சிய இரு முனைகளும் எதிரெதிராக இரண்டு வயர்களால் இணையும். அந்த இரண்டோடு விளக்குக்கான நியூட்ரலும் எர்த்தும் அதே வழியில் மேலேற வேண்டுமானால் வேலைகள் நான்கு. மேலே சொன்ன வீட்டில் நடந்தது போல மூன்று கோரை வைத்துச் சமாளிக்க முயலாமல், பைப்பில் தனித்தனி ஒற்றை வயர்களை இழுப்பதே இங்கு சிறந்தது. இரு சுவிட்சுகளுக்கும் இடையே ஓடும் இரண்டுக்கும் மஞ்சளையும் நீலத்தையும் பயன்படுத்தினால் பின்னால் பார்ப்பவருக்கும் புரியும்.

ஏசிக்குச் சுவரிலிருந்து வருவது மூன்று கோர். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் 7 முதல் 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால் 2.5 ஸ்கொயர் தாங்கும், தொலைவு அதிகமென்றால் 4 ஸ்கொயர் நல்லது. உள் பெட்டிக்கும் வெளிப் பெட்டிக்கும் நடுவே பெரும்பாலான இன்வெர்ட்டர் ஏசிகளுக்கு நான்கு கோர் வேண்டும்: ஃபேஸ், நியூட்ரல், சிக்னல், எர்த். இங்கேதான் நிறம் மறுபடி ஏமாற்றுகிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நான்கு கோர் கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு இருக்கும், பச்சையே இருக்காது. பச்சையோடு வரும் நான்கு கோரைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் எர்த்துக்குப் பச்சை ஒற்றை வயரைக் கூடவே ஓட்டுங்கள். முனைகளில் 1, 2, 3 என்று எண் இருந்தால் உள்ளேயும் வெளியேயும் அதே எண்ணுக்கு அதே நிறம் போக வேண்டும்; ஃபேஸும் சிக்னலும் இடம் மாறினால் வெளிப் பெட்டியின் மின்பலகை எரிந்துபோகக்கூடும். மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்ல பழக்கம்.

மூன்று ஃபேஸ் மீட்டரிலிருந்து மாடி டிபிக்குப் போவதற்கு நான்கு கோர். அங்கே சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு ஆகியவை தமக்குரிய வேலையையே செய்கின்றன, எர்த் தனியாகக் கூடவே போகும். மண்ணுக்குள் புதைப்பதாக இருந்தால் இரும்புக் கவசம் உள்ள கேபிள் வேண்டும். அந்தக் கவசத்தைக் கிளாண்ட் (கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பிடி) வழியே எர்த்தோடு இணைக்க வேண்டும்.

போர்வெல் மோட்டார்

ஆழத்தில் கிடக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்குப் போவது தட்டையான மூன்று கோர் கேபிள். நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். ஒற்றை ஃபேஸ் மோட்டாரானால் அந்த மூன்றும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று நினைத்துவிடக் கூடாது. மோட்டாருக்குள் ரன் சுற்று, ஸ்டார்ட் சுற்று என இரண்டு செம்புச் சுற்றுகள் உண்டு. இரண்டும் சேரும் இடம் காமன். மூன்று கோரும் ரன், ஸ்டார்ட், காமன் என்ற மூன்று வேலைக்கே செலவாகிவிடுகின்றன. எர்த்துக்கு அந்தக் கேபிளில் இடமே இல்லை. இரும்புக் குழாயில் மோட்டார் தொங்கினால் குழாயின் தலைப்பகுதியை எர்த்தோடு இணைக்கலாம். இன்று பரவலாகிவிட்ட பிளாஸ்டிக் குழாயில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அப்போது மோட்டார் உடலிலிருந்து தனி எர்த் வயரை மேலே கொண்டுவர வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதே வழக்கமாக இருக்கிறது என்பதால், கிணற்றடியில் வேலை செய்பவரிடம் வீட்டுக்காரரே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

எந்த நிறம் எந்த வேலை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை நிறத்தால் ஊகிக்காமல் மல்டிமீட்டரால் அளக்கலாம். மின்சாரத்தை அணைத்து, பேனலிலிருந்து (மோட்டாரைப் போட்டு அணைக்கும் பெட்டியிலிருந்து) மூன்று வயரையும் கழற்றிவிட்டு, இரண்டிரண்டாக மின்தடையை அளந்து எழுதுங்கள். உதாரணமாகச் சிவப்பு–மஞ்சள் 10 ஓம், மஞ்சள்–நீலம் 7 ஓம், சிவப்பு–நீலம் 3 ஓம் என்று வந்தால், மிக அதிகம் காட்டிய இணையில் இல்லாத நீலமே காமன். நீலத்தோடு குறைவாகக் காட்டிய சிவப்பு ரன்; அதிகமாகக் காட்டிய மஞ்சள் ஸ்டார்ட். கேபிளின் சொந்த மின்தடை மூன்று அளவிலும் ஒரே அளவு கூடுமே தவிர வரிசையை மாற்றாது என்பதால், மோட்டார் கிணற்றுக்குள் இருக்கும்போதே மேலிருந்து அளக்கலாம். பிறகு பேனலில் ஆர், எஸ், சி என்று குறித்த முனைகளில் உரியதை உரியதோடு மாட்டுங்கள். ஸ்டார்ட்டும் ரன்னும் இடம் மாறினால், மெல்லிய கம்பியில் சுற்றப்பட்ட ஸ்டார்ட் சுற்றின் மீது முழுச் சுமையும் ஏறி மோட்டார் புகைந்துவிடும்.

அடுத்தது தடிமன். இங்கே ஆம்பியரைவிடத் தொலைவு முக்கியம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் 7 ஆம்பியர் எடுக்கிறது, கிணற்றுக்குள் 100 மீட்டர், அங்கிருந்து பேனல்வரை 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய் வர 240 மீட்டர். 2.5 ஸ்கொயர் வளையும் செம்பு வயரின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு 8 ஓமுக்கு மிக அருகில். ஆகவே 240 மீட்டருக்கு 1.9 ஓம். ஏழால் பெருக்கினால் 13 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே கரைந்துபோகிறது. 230இல் இது ஏறத்தாழ 6 விழுக்காடு. ஐந்து விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. அதையே 4 ஸ்கொயராக மாற்றினால் இழப்பு 8 வோல்ட் சொச்சமாகக் குறையும்.

ஓடும்போது 13 வோல்ட் போனால் என்ன என்று கேட்பவர்கள் மோட்டார் கிளம்பும் கணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது ஓட்ட மின்னோட்டத்தைப் போல நான்கு மடங்கு, சில நேரம் அதற்கும் மேல் இழுக்கும். 28 ஆம்பியர் என்று வைத்தாலும் 2.5 ஸ்கொயர் கேபிளில் 53 வோல்ட் போய்விடும். மாலை நேரத்தில் தெருவின் மின்னழுத்தமே 200க்கு இறங்கியிருந்தால் மோட்டாரின் வாயில் எஞ்சுவது 150க்கும் கீழே. மோட்டார் உறுமும், சுழலாது, பேனலின் ஓவர்லோடு சுவிட்ச் விழும். கெபாசிட்டர் போய்விட்டது என்று முடிவு செய்து அதை இருமுறை மாற்றிய பிறகும் தீராத பல போர்வெல் தொல்லைகளுக்குக் காரணம் மெல்லிய கேபிளே.

மோட்டாரோடு வரும் குட்டை வயரைக் கீழிறக்கும் கேபிளோடு சேர்க்கும் மூட்டில் அவசரம் கூடாது. மூன்று கோரையும் ஒரே இடத்தில் வெட்டாமல் படிப்படியாக வெவ்வேறு நீளத்தில் வெட்டினால் மூட்டுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று வராது. செம்புக் குழலில் செருகி அழுத்தி, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் பிவிசி டேப் சுற்ற வேண்டும். இறக்கும் முன் மூட்டை ஒரு வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து, கேபிள் கோருக்கும் தண்ணீருக்கும் இடையே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிடுங்கள். கிணற்றுக்குள் போன பிறகு இந்தத் தவறைத் திருத்தச் செயின் பிளாக்கும் நான்கு ஆட்களும் தேவைப்படும். பெரிய குதிரைத்திறன் மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு ஸ்டார்–டெல்டா ஸ்டார்ட்டர் வைத்தால் ஆறு வயர், அதாவது இரண்டு தட்டைக் கேபிள் இறங்கும். அது தோட்டத்து வேலை, வீட்டில் அரிது.

இன்வெர்ட்டர்

இன்வெர்ட்டருக்கு உள்ளே போவது மூன்று கோர், வெளியே வருவது மூன்று கோர். பல வீடுகளில் வெளியே ஒரே ஒரு ஃபேஸ் வயரை மட்டும் இழுத்து, நியூட்ரலைப் பழைய சுற்றுகளோடு பொதுவாக விட்டுவிடுகிறார்கள். ஆர்சிசிபி காரணமின்றி விழும் வீடுகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். இன்வெர்ட்டரில் ஓடும் விளக்கு, விசிறிச் சுற்றுகளுக்கு டிபியில் தனி நியூட்ரல் பட்டை வைத்து, அந்தச் சுற்றுகளின் கறுப்பு வயர்களை மட்டும் அதில் சேர்க்க வேண்டும். பேட்டரிப் பக்கம் வேறு உலகம்: 800 வாட் சுமையை 12 வோல்ட் பேட்டரி சுமந்தால் 67 ஆம்பியருக்கு மேல் ஓடும். அங்கே வீட்டுக் கேபிளின் மூன்று கோரையும் சேர்த்து முறுக்கி ஒப்பேற்றாமல், இன்வெர்ட்டரோடு வந்த தடித்த கேபிளையே, நீட்டாமல் பயன்படுத்துங்கள்.

இணைத்துச் சோதித்தல்

மெயினை அணைத்ததும் வீடு முழுவதும் அணைந்துவிட்டது என்று எண்ணக் கூடாது; இன்வெர்ட்டர் சுற்றுகள் அப்போதும் உயிரோடு இருக்கும். மின்சாரம் உள்ள ஒரு பாயின்ட்டில் மல்டிமீட்டர் வேலை செய்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டு, மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளிவழியைக் கழற்றி, பிறகு தொடப்போகும் வயரில் மீட்டரை வைத்துப் பாருங்கள். டெஸ்டர் விளக்கு எரியவில்லை என்பது மட்டும் சான்றாகாது. செருப்பும் உலர்ந்த மரப்பலகையும் அதை ஏமாற்றும்.

வெளி உறையைச் சீவும்போது கத்தி உள் கோரின் இன்சுலேஷனைத் தொடாமல், உறையை வளைத்துப் பிடித்து மேலோட்டமாகக் கீறி உடைத்தெடுங்கள். உறை பெட்டிக்குள் வரை வர வேண்டும். பெட்டிக்கு வெளியே தனிக் கோர்கள் தெரியக் கூடாது. எர்த் கோரை மற்றவற்றைவிடச் சற்று நீளமாக விடுங்கள். எவரேனும் கேபிளைப் பிடித்து இழுத்துவிட்டால் கடைசியில் பிய்வது அதுவாக இருக்க வேண்டும். இழைகளை முறுக்கி நேரே திருகாணியின் கீழ் வைத்தால் ஓரிரு இழைகள் நழுவும், மீதி நாளடைவில் தளரும். முனைக்குப் பொருந்தும் செம்பு லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோகத் தொப்பியை) அழுத்திப் பொருத்திய பின் திருகுங்கள். முறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டு மூன்று சோதனைகள்: இரண்டு மின்சாரம் கொடுக்கும் முன், ஒன்று கொடுத்த பின். மல்டிமீட்டரில் பச்சை வயர் சாக்கெட்டின் எர்த் துளையிலிருந்து டிபியின் எர்த் பட்டைவரை அறுபடாமல் வருகிறதா என்பது முதலாவது. ஃபேஸும் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதை 500 வோல்ட் மெகரில் பார்ப்பது இரண்டாவது. ஒவ்வோர் இணையும் ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், புதுக் கேபிள் அதைவிடப் பல மடங்கு காட்டும். மெயினைப் போட்டபின் சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே உள்ள அதே வோல்ட் வருகிறதா என்பது மூன்றாவது. பெரிய வேறுபாடு இருந்தால் எர்த்தோ நியூட்ரலோ எங்கோ தளர்ந்திருக்கிறது. அதன்பின் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும்.

கருவியை முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, மெயினை மீண்டும் அணைத்து, மூட்டுகளையும் எம்சிபி முனைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கேபிள் இளஞ்சூடாக இருக்கலாம். ஒரு முனை மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அந்தத் திருகாணி தளர்ந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் டிபி மூடியின் உட்புறம் ஒரு தாளை ஒட்டி, எந்த எம்சிபியிலிருந்து எத்தனை கோர், எத்தனை ஸ்கொயர் கேபிள் எங்கே போகிறது, எந்தக் கறுப்பு நியூட்ரல் அன்று என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.